ஒரு பிரிண்டருக்கு ஒரு மென்பொருள் போதும்: டெபியன் 12-இல் கப்ஸ், ஒன்றரை வருட அனுபவம்

எங்களுடையது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் சின்ன ஜெராக்ஸ் கடை. பட்டா சிட்டா நகல், ஹால் டிக்கெட், ரெஸ்யூமே, பிள்ளைகளின் ப்ராஜெக்ட் நோட்டில் ஒட்டும் படங்கள், இவைதான் தினசரி வேலை. கடையில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டரிலும் லினக்ஸ்தான், அதில் டெபியன் 12 என்ற வகை. இந்த விமர்சனம் பிரிண்டரைப் பற்றியது இல்லை, பிரிண்டரை ஓட்டும் மென்பொருளைப் பற்றியது: பிரிண்ட் வேலைகளை வாங்கி அனுப்பும் கப்ஸ், அதோடு சேர்ந்து வந்து யுஎஸ்பி பிரிண்டரைத் தனி டிரைவர் இல்லாமல் ஓட வைக்கும் ஐபிபி-யுஎஸ்பி. முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அருமையான ஏற்பாடு, ஒரு ரூபாய் செலவில்லை, நம்பி கடை நடத்தலாம். ஆனால் அதே பிரிண்டருக்குக் கம்பெனி கொடுக்கும் டிரைவரையும், அதாவது பிரிண்டரை இயக்கும் அவர்கள் நிரலையும், பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை ஓட்டினீர்கள் என்றால் இரண்டுமே ஒழுங்காக வேலை செய்யாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது, அதுவும் அட்மிஷன் சீசனில்.

நடந்தது இதுதான். 2024 மே வரைக்கும் டெபியன் 10-இல் இருந்தேன். பிரிண்ட், ஸ்கேன், காப்பி மூன்றும் செய்கிற லேசர் மெஷின், யுஎஸ்பி கேபிளில் இணைத்தது. அதற்குக் கம்பெனி தன் தளத்தில் கொடுத்திருந்த லினக்ஸ் டிரைவரைப் போட்டு நாலு வருடம் ஓட்டினேன், ஒரு குறையும் இல்லை. பத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் நிற்கப் போகிறது என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 11-க்கும், அங்கிருந்து 12-க்கும் ஏற்றினேன். எல்லாம் ஒழுங்காக வந்தது. திங்கட்கிழமை காலை முதல் ஆள் கல்லூரி விண்ணப்பத்துக்கு வந்தார், மகனையும் கூட்டிக்கொண்டு. பிரிண்ட் கொடுக்கப் போனால் பட்டியலில் அதே பிரிண்டர் இரண்டு பெயரில் நிற்கிறது. ஒன்று நான் பழைய காலத்தில் வைத்த 'கடை லேசர்'. இன்னொன்று மாடல் எண்ணையும் அடிக்கோடுகளையும் கோர்த்த நீளமான பெயர், நான் வைக்காதது.

பழக்கதோஷத்தில் 'கடை லேசர்' என்பதையே தேர்ந்தெடுத்தேன். பிரிண்டர் அசையவில்லை. க்யூவை, அதாவது பிரிண்ட் வேலைகள் காத்து நிற்கும் வரிசையை, திறந்து பார்த்தால் 'பிரிண்டர் கிடைக்கும் வரை காத்திருக்கிறது' என்ற பொருளில் ஒரே ஒரு வரி. பிரிண்டரோ பச்சை விளக்கு எரிந்துகொண்டு ரெடியாக நிற்கிறது. கேபிளைப் பிடுங்கி மாட்டினேன், ஒரு தாள் வந்தது. அடுத்தது வரவில்லை. சரி, புதுப் பெயரில் கொடுத்துப் பார்ப்போம் என்று கொடுத்தால் அதில் நாலு தாள் வந்தது, மதியத்துக்கு மேல் அதுவும் நின்றுவிட்டது. "தம்பி, ஒரு மணிக்குள்ள குடுத்துடுவீங்களா, ஆபீஸ் மூடிருவாங்க" என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டு நின்றது இன்னும் மனதில் இருக்கிறது. பென் டிரைவில் ஏற்றி எதிர்க்கடைக்கு அனுப்பிவைத்தேன்.

எப்போதும் ஓடாத பிரிண்டரை விட, சில நேரம் ஓடி சில நேரம் நிற்கிற பிரிண்டர்தான் ஆளைக் கொல்லும். எப்போதும் ஓடவில்லை என்றால் ஒரே காரணம் இருக்கும், தேடிவிடலாம். ஓடி ஓடி நின்றால் கேபிளைச் சந்தேகப்படுவோம், போர்ட்டைச் சந்தேகப்படுவோம், கரண்டைச் சந்தேகப்படுவோம். நான் கேபிளையே புதிதாக வாங்கிவிட்டேன், அது தேவையே இல்லை.

மூன்றாம் நாள் இரவு கடையை மூடிவிட்டு உட்கார்ந்து பார்த்தபோது இரண்டு கட்டளைகள் விஷயத்தைக் காட்டிக் கொடுத்தன. இதே பிரச்சினை உங்களுக்கு வந்தால் இங்கிருந்தே தொடங்குங்கள், கேபிள் வாங்காதீர்கள். முதலில் எல்பிஸ்டாட் கட்டளையில் ஆங்கிலச் சின்ன எழுத்து 'வி' போட்டு அடித்தால் ஒவ்வொரு க்யூவும் எந்த முகவரிக்கு வேலையை அனுப்புகிறது என்று வரும். என் பழைய க்யூ 'யுஎஸ்பி' என்று தொடங்கும் முகவரிக்கு, அதாவது நேராகக் கேபிளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. புதியது 'இம்ப்ளிசிட்கிளாஸ்' என்று தொடங்கியது. கப்ஸ்-ப்ரௌஸ்டு என்ற பின்னணி நிரல், தானாகக் கண்டுபிடித்த பிரிண்டருக்குத் தானாகவே திறந்து வைத்த க்யூ அது. ஆக, இரண்டு க்யூ, இரண்டு வழி, போய்ச் சேர வேண்டிய பிரிண்டர் ஒன்று.

அடுத்தது ஃபியூசர் கட்டளை. யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை அடித்து பிரிண்டரின் பஸ் எண்ணையும் சாதன எண்ணையும் குறித்துக்கொண்டு, அந்த எண்களுக்குரிய சாதனக் கோப்பின் மேல் ஃபியூசரை ரூட்டாக, அதாவது நிர்வாகி உரிமையோடு, ஓட்டினால், எந்தெந்த நிரல் இப்போது அந்தச் சாதனத்தைத் திறந்து வைத்திருக்கிறது என்று பெயரோடு வரும். இரண்டு பெயர் வந்தது. ஒன்று ஐபிபி-யுஎஸ்பி. இன்னொன்று கம்பெனி டிரைவரோடு வந்த 'ஸ்டேட்டஸ் மானிட்டர்'. டோனர் எவ்வளவு மிச்சம் என்று மூலையில் காட்டுவதற்காக, லாகின் செய்ததுமே தானாகக் கிளம்பி யுஎஸ்பியைத் திறந்து உட்கார்ந்திருந்த நிரல் அது.

இங்கேதான் முழு விஷயமும் இருக்கிறது. யுஎஸ்பி சாதனத்தை எத்தனை நிரல் வேண்டுமானாலும் திறக்கலாம். ஆனால் அதற்குள் இருக்கும் ஒரு இன்டர்ஃபேஸை, அதாவது நிரல் உள்ளே போய்ப் பேசும் ஒரு வாசலை, ஒரு நேரத்தில் ஒரே ஒரு நிரல்தான் தனதாக்கிக்கொள்ள முடியும். டெபியன் 10-இல் ஐபிபி-யுஎஸ்பி தானாக வராது, அதனால் கம்பெனி டிரைவருக்குப் போட்டியே இல்லை. 11-இலிருந்து கப்ஸ் தன்னோடு சேர்த்து அதைப் பரிந்துரைக்கிறது, அதனால் அப்கிரேடு செய்யும்போது கேட்காமலே வந்துவிட்டது. அது என்ன செய்கிறது என்றால், பிரிண்டரைச் செருகியதும் எழுந்து, இன்டர்ஃபேஸ்களைத் தன் பிடியில் எடுத்துக்கொண்டு, அந்தப் பிரிண்டரை ஒரு நெட்வொர்க் பிரிண்டர் போல நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே காட்டுகிறது. அதன் பிறகு கேபிள் வழியாக நேராகப் போக நினைக்கும் எந்த நிரலுக்கும் கதவு மூடியிருக்கும். பழைய க்யூ காத்துக்கொண்டே இருந்தது அதனால்தான். கேபிளைப் பிடுங்கி மாட்டும்போது பழைய க்யூவோ ஸ்டேட்டஸ் மானிட்டரோ முந்திக்கொண்டால் அந்தப் பக்கம் ஓடும், ஐபிபி-யுஎஸ்பி முந்தினால் இந்தப் பக்கம் ஓடும். மூன்று நாளும் நான் பார்த்தது இந்த ஓட்டப்பந்தயத்தைத்தான்.

ஐபிபி-யுஎஸ்பி மேல் குற்றம் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். பிரிண்டரே தன்னை அப்படித்தான் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. எல்எஸ்யுஎஸ்பி-யை விரிவாகப் பார்த்தால் பிரிண்டரின் இன்டர்ஃபேஸ்களில் வகுப்பு 7, துணைவகுப்பு 1, புரோட்டோகால் 4 என்று வரும். அப்படி வந்தால் இந்தப் பிரிண்டருக்கு யுஎஸ்பி வழியாகவே ஐபிபி பேசத் தெரியும், தனி டிரைவர் வேண்டாம் என்று பொருள். ஐபிபி என்பது பிரிண்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் பொதுவான மொழி. 2010-இல் ஆப்பிள் ஏர்பிரிண்ட் கொண்டுவந்த பிறகு, போனிலிருந்து பிரிண்ட் எடுக்க வேண்டும் என்பதற்காகவே கம்பெனிகள் எல்லாம் தங்கள் பிரிண்டருக்குள் இந்த மொழியை வைக்கத் தொடங்கிவிட்டன. போனில் யாரும் டிரைவர் போடுவதில்லை அல்லவா, அதே வசதிதான் இப்போது கேபிளிலும் வந்திருக்கிறது. ஏர்பிரிண்ட் என்று பெட்டியில் போட்டிருந்தால் பெரும்பாலும் லினக்ஸில் டிரைவர் தேடவே வேண்டாம்.

சரி செய்ததைச் சொல்கிறேன். கம்பெனி டிரைவர் பேக்கேஜை அமைப்புக் கோப்புகளோடு சேர்த்து முழுசாக நீக்கினேன். நீக்கிய பிறகும், பிரிண்டருக்கு வேலையைக் கொண்டு சேர்க்கும் நிரல்கள் இருக்கும் கப்ஸின் பேக்எண்ட் ஃபோல்டரில் அந்த டிரைவர் வைத்த ஒரு கோப்பு மிச்சம் இருந்தது, அதையும் எடுத்தேன். பழைய க்யூவை, க்யூக்களைச் சேர்க்கவும் நீக்கவும் உள்ள எல்பிஅட்மின் கட்டளையால் அழித்தேன். கப்ஸ்-ப்ரௌஸ்டையும் நிறுத்திவிட்டேன், ஏனென்றால் இப்போதைய கப்ஸே ஐபிபி பிரிண்டரைத் தானாகக் கண்டுபிடித்துத் தற்காலிக க்யூ போட்டுக்கொள்ளும், ஒரே வேலைக்கு இரண்டு ஆள் எதற்கு. அதே வருடம் செப்டம்பரில் கப்ஸ்-ப்ரௌஸ்டில் பெரிய பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளியே வந்தது. அது யுடிபி 631-ஆம் போர்ட் என்ற நெட்வொர்க் வாசலில் யார் அனுப்பினாலும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அதை வைத்து வெளியாள் உள்ளே வர வழி இருந்தது. நான் மே மாதமே நிறுத்தியிருந்ததால் நிம்மதி. உங்கள் கம்ப்யூட்டரில் தேவை இல்லாமல் அது ஓடிக்கொண்டிருந்தால் நீங்களும் நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் எனக்குப் பிடித்த பெயரில், நிரந்தரமாக ஒரு க்யூ. எல்பிஅட்மினில் பிரிண்டர் பெயர், ஐபிபி முகவரி, மாடலுக்கு 'எவ்ரிவேர்' என்று கொடுத்தால் போதும், பிரிண்டரிடமே கேட்டு என்னென்ன தாள், எத்தனை டிரே, முன்னும் பின்னும் அடிக்குமா என்று எல்லாவற்றையும் கப்ஸ் எடுத்துக்கொள்கிறது. இந்தக் கட்டளையில் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஈ' என்ற குறியைப் பிரிண்டர் பெயருக்குப் பின்னால் போட்டால் 'க்யூவைத் திறந்து வேலைகளை ஏற்றுக்கொள்' என்று பொருள். அதே 'ஈ'-யைப் பெயருக்கு முன்னால் போட்டால் 'இணைப்பை மறையாக்கம் செய்' என்று பொருள். கட்டளை தவறு சொல்லாமல் ஓடிவிடும், க்யூ மட்டும் மூடியே கிடக்கும். இதில் அரை மணி நேரம் போனது.

இன்னொரு இடமும் உண்டு. பழைய க்யூவை அழித்த பிறகும் டெர்மினலிலிருந்து அனுப்பினால் பிரிண்டர் இல்லை என்றே வந்தது. சிஸ்டம் முழுவதுக்குமான டிஃபால்ட் பிரிண்டர் ஒரு பக்கம் இருக்கிறது, அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு பயனருக்கும் ஹோம் ஃபோல்டரில் 'கப்ஸ்' என்ற மறைவான ஃபோல்டருக்குள் எல்பிஆப்ஷன்ஸ் என்ற கோப்பு இருக்கும், அதில் இருக்கும் டிஃபால்ட்தான் முதலில் எடுத்துக்கொள்ளப்படும். நாலு வருடத்துக்கு முன் நான் எழுதி வைத்த 'கடை லேசர்' அங்கே அப்படியே இருந்தது. அந்த ஒரு வரியை மாற்றியதும் சரியானது.

அன்று இரவு பதினொன்றரைக்கு டெஸ்ட் பேஜ் வந்தது. பிறகு முப்பது பக்க பிடிஎஃப் ஒன்றை முன்னும் பின்னுமாக அனுப்பினேன், நிற்காமல் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை இந்த மென்பொருளால் ஒரு வேலையும் நின்றதில்லை, பேப்பர் சிக்கியது, டோனர் தீர்ந்தது, அவ்வளவுதான்.

ஸ்கேனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டிரைவரை நீக்கினால் ஸ்கேன் போய்விடும் என்று பயந்துதான் பலர் அதை விட்டுவைக்கிறார்கள். நானும் அதற்காகத்தான் முதல் இரண்டு நாள் கை வைக்கவில்லை. ஸ்கேனும் அதே ஐபிபி-யுஎஸ்பி வழியாகவே வருகிறது, சேன்-ஏர்ஸ்கேன் என்ற பேக்கேஜ் மட்டும் இருந்தால் போதும். ஆதார் அட்டையைக் கண்ணாடி மேல் வைத்து ஸ்கேன் கொடுத்தேன், பழைய டிரைவரில் வந்த அதே தெளிவு. ஐபிபி-யுஎஸ்பி, சேன்-ஏர்ஸ்கேன் இரண்டையும் எழுதியவர் ஒருவரே, அலெக்சாண்டர் பெவ்ஸ்னர். எங்கள் கடை ஓடுவதில் அவருக்கும் பங்கு உண்டு.

கப்ஸின் வரலாறும் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது, இது நேற்று முளைத்த மென்பொருள் இல்லை. மைக்கேல் ஸ்வீட் 1997-இல் எழுதத் தொடங்கினார். அதற்கு முன், லினக்ஸுக்கு மூத்த யூனிக்ஸ் உலகில் பிரிண்ட் கொடுக்கும் கட்டளைக்கு இரண்டு பழக்கம் இருந்தது, சிஸ்டம் ஃபைவ் வழியில் வந்தவர்கள் எல்பி என்பார்கள், பெர்க்லி வழியில் வந்தவர்கள் எல்பிஆர் என்பார்கள். கப்ஸ் இரண்டு கட்டளையையும் வைத்துக்கொண்டு, உள்ளே ஐபிபி-யை வைத்தது. 2002-இல் ஆப்பிள் தன் மேக் ஓஎஸ் 10.2-இல் இதைச் சேர்த்தது, 2007-இல் நிரலையே வாங்கிக்கொண்டு ஸ்வீட்டையும் வேலைக்கு எடுத்தது. 2019 கடைசியில் அவர் ஆப்பிளை விட்டு வந்த பிறகு, இப்போது ஓப்பன்பிரிண்டிங் குழு இதை வளர்க்கிறது. 2021 நவம்பரில் அவர்கள் 2.4-ஐ வெளியிட்டார்கள், டெபியன் 12-இல் இருப்பது அந்த வரிசைதான்.

அந்த எல்பி, எல்பிஆர் கதை இன்றும் தொல்லை கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை சிஸ்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கப்ஸ் போட்டு, பிரிண்டரைச் சேர்த்து, வெப் பக்கத்தில் டெஸ்ட் பேஜும் எடுத்துவிட்டார். ஆனால் டெர்மினலில் எல்பிஆர் அடித்தால் அப்படி ஒரு பிரிண்டரே தெரியாது என்கிறது. அங்கே அடிப்படை சிஸ்டத்திலேயே பழைய பெர்க்லி எல்பிஆர் இருக்கிறது, கப்ஸ் தன் எல்பிஆரை லோக்கல் ஃபோல்டரில் வைக்கிறது, பாத்தில், அதாவது கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் வரிசையில், அடிப்படை ஃபோல்டர்தான் முதலில் வரும். நாம் கூப்பிட்டது ஒருவரை, வந்தது அதே பெயர் கொண்ட இன்னொருவர். லோக்கல் ஃபோல்டரைப் பாத்தில் முன்னால் கொண்டுவந்ததும் தீர்ந்தது. பிரிண்டர் மாறினாலும் சிஸ்டம் மாறினாலும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான், ஒரே வேலைக்கு அங்கே எத்தனை மென்பொருள் நிற்கிறது என்று.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பெரிய குறை, மோதல் நடக்கும்போது பிரிண்ட் விண்டோவில் காரணமே தெரியாது. 'காத்திருக்கிறது' என்று மட்டும் சொன்னால், யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கடைக்காரனுக்கு எப்படித் தெரியும்? ஃபியூசர் அடித்துப் பார்க்க எல்லோருக்கும் தெரியாது. அடுத்தது, அப்கிரேடு செய்யும்போது 'உங்களிடம் நேரடி யுஎஸ்பி க்யூ ஒன்று இருக்கிறது, இனி அது வேலை செய்யாமல் போகலாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று நாள் மிச்சமாகியிருக்கும். பழைய டிரைவரில் இருந்த டோனர் சேமிப்பு வசதி இந்தப் புது வழியில் என் பிரிண்டருக்கு வரவில்லை, அதைப் பிரிண்டரின் சொந்த அமைப்புப் பக்கத்தில் போய் மாற்றினேன். அந்தப் பக்கமும் இப்போது யுஎஸ்பி வழியாகவே ப்ரௌசரில் திறக்கிறது, லோக்கல்ஹோஸ்ட் 60000 என்ற, நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் முகவரியில். டோனர் அளவும் அங்கேயே தெரிகிறது என்பதால் ஸ்டேட்டஸ் மானிட்டர் போனது இழப்பே இல்லை.

பழைய பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. எங்களிடமே இன்னொரு லேசர் இருக்கிறது, பத்து வருடத்துக்கும் மேலானது, 7-1-4 வரிசை அதில் கிடையாது. ஐபிபி-யுஎஸ்பி அதைத் தொடுவதே இல்லை, பழைய டிரைவரில்தான் ஓடுகிறது, மோதலும் இல்லை. இடைப்பட்ட வகை ஒன்றும் உண்டு, ஐபிபி தெரியும் என்று சொல்லும், ஆனால் பாதியில் தடுமாறும். அப்படிப்பட்டதற்கு ஐபிபி-யுஎஸ்பி-யின் குவர்க்ஸ் என்ற, மாடல்வாரி விதிவிலக்குகள் இருக்கும் ஃபோல்டரில் அந்த மாடலின் பெயரைப் போட்டு, அதைத் தொடாதபடி பிளாக்லிஸ்ட் செய்துவிட்டு, கம்பெனி டிரைவரையே வைத்துக்கொள்ளலாம். எந்தப் பக்கம் போனாலும் சரி, ஒரு பக்கம் மட்டும் போங்கள்.

கப்ஸ் 3 வரும்போது, பிரிண்டரின் வசதிகளைச் சொல்லும் பிபிடி கோப்புகளை நம்பிய பழைய டிரைவர் முறையையே எடுத்துவிடப் போகிறார்கள், அந்த வகைப் பிரிண்டர்களைத் தனியாக 'பிரிண்டர் அப்ளிகேஷன்' என்ற நிரல்கள் பார்த்துக்கொள்ளும். டெபியன் 13 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது, அதில் இருப்பதும் 2.4 வரிசைதான், அதனால் எங்கள் பழைய லேசருக்கு இப்போதைக்குக் கவலை இல்லை. கடையின் இரண்டாவது கம்ப்யூட்டரைப் பொங்கல் லீவில் 13-க்கு ஏற்றலாம் என்று இருக்கிறேன். ஏற்றுவதற்கு முன்னால் எல்பிஸ்டாட் வரிகளை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து கல்லாப் பெட்டிக்குள் வைத்துக்கொள்வேன்.